ஜிம்முக்குப் போகாத கிழமைகள்: ஒரு கொப்பிக் கணக்கு

2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளம் வடிந்து, மழை இரண்டு நாள் விட்டிருந்த ஒரு காலை. மட்டக்களப்பு ஆரையம்பதியில் நான் வேலை செய்யும் ஹாட்வெயார் கடைக்கு எங்கள் ஜிம் பெடியன் ஒருவன் வந்தான். கால் கிலோ ஆணி வாங்க வந்தவன், ஆணியை மறந்துவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான்.

"அண்ணே, மூணு கிழமை போகல்ல. கையப் பாருங்க, வத்திட்டு. ரெண்டு வருசம் செஞ்சதெல்லாம் போயிட்டா?"

"ஒண்டும் போகல்ல மனே. கடைசியா பெஞ்சில எவ்வளவு போட்ட நீ?"

மல்லாக்கப் படுத்து நெஞ்சுக்கு மேல் எடை தள்ளும் பெஞ்ச் பிரஸைத்தான் கேட்டேன். யோசித்தான். "அம்பதோ, அம்பத்தஞ்சோ... ஞாபகமில்ல அண்ணே."

எவ்வளவு இருந்தது என்றே தெரியாதவன், எவ்வளவு போனது என்று அழுகிறான். கடன் கணக்கு எழுத வைத்திருந்த புதுக் கொப்பி ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். ஆணிக்கு மட்டும் காசு வாங்கினேன். அன்று அவனுக்கு நின்றபடியே சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் பயிற்சியாளன் இல்லை. வயது 46. பதினைந்து வருடமாக பார் (எடைத் தட்டு கோர்க்கும் இரும்புத் தண்டு) தூக்குகிறேன். பகலில் 50 கிலோ சீமெந்து பேக் தூக்குகிறேன். எங்கள் ஜிம் தாழ்ந்த காணியில் நிற்கும் தகரக் கொட்டில். மாரி பலமாகப் பெய்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். அதனால் விட்டுவிட்டுத் தூக்குவதில் எனக்கு அனுபவம் கூட. ஒவ்வொரு தடவையும் எண்ணை எழுதி வைத்திருக்கிறேன். கொப்பியை நம்பித்தான் பேசுகிறேன்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் ஜிம்மில் இருக்கும் பார் 20 கிலோ என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுவோம். ஒருநாள் அதைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 14 கிலோ. ஆகவே கீழே நான் சொல்லும் என் எண்களில் எல்லாம் ஆறு கிலோ பொய் இருக்கிறது. ஆனால் எப்போதும் அதே ஆறு கிலோதான், ஒப்பிட்டுப் பார்க்கப் பழுதில்லை.

முதலில் போவது எது

ஒழுங்காகப் பயிற்சி செய்து வந்த ஆள் இரண்டு மூன்று கிழமை நின்றால் பலம் பெரிதாகக் குறையாது. கண்ணாடிதான் பயம் காட்டும். காரணம் இதுதான்: நாம் சாப்பிடும் சோற்றின் சத்தில் ஒரு பங்கு கிளைக்கோஜன் என்ற வடிவில் தசைக்குள் சேமிப்பாக நிற்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜன் தன்னோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும். பயிற்சி நின்றதும் அந்தச் சேமிப்பு இறங்கும், தண்ணீரும் கூடவே போகும். கை மெலிந்து தெரியும். மெலிந்தது பெரும்பாலும் தண்ணீர். திரும்பத் தூக்கத் தொடங்கி, சோறும் ஒழுங்காகச் சாப்பிட்டால் சில நாட்களிலேயே நிரம்பிவிடும்.

உண்மையில் சீக்கிரம் இறங்குவது மூச்சு. இரத்தத்தில் இருக்கும் நீர்ப்பகுதியின் அளவு முதல் இரண்டு கிழமைக்குள்ளேயே குறையத் தொடங்குகிறது. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தமும் குறைகிறது. வெள்ளத்துக்குப் பிறகு கல்லடிப் பாலத்தில் எதிர்காற்றுக்குச் சைக்கிள் மிதித்தபோது எனக்கே நாக்குத் தள்ளியது. ஆனால் அதே கிழமை ஸ்குவாட்டில், அதாவது பாரைத் தோளில் வைத்துக் குந்தி எழும் பயிற்சியில், பழைய எடை ஏறியது. முதல் செட்டில் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்றில்) இளைப்பு வந்ததும் பலமே போய்விட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இளைப்பு வேறு, பலம் வேறு. செட்டுக்கு நடுவே இரண்டு நிமிடம் எடுப்பவர் நான்கு நிமிடம் எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

நான்கு கிழமை தாண்டினால் பலமும் இறங்கும். பலம் என்பது தசையின் பருமன் மட்டும் இல்லை. எத்தனை தசை நார்களை, எவ்வளவு வேகத்தில் எழுப்புவது என்று நரம்பு பழகியிருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் இரண்டு மாதம் எடை மளமளவென்று ஏறுவது பெரும்பாலும் இந்தப் பழக்கத்தால்தான். நீண்ட இடைவெளியில் அந்தப் பழக்கம் மங்கும், நார்களும் மெலியும். ஆனால் பயிற்சியை நிறுத்திவிட்டு வீட்டு வேலை, கடை வேலை என்று நடமாடுபவருக்கும், கட்டிலில் கிடப்பவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கட்டிலில் கிடந்தால் கிழமைக் கணக்கு இல்லை, நாள் கணக்கிலேயே தசை உருகும். வயது கூடக் கூட இன்னும் வேகம்.

2020 கணக்கு

என் கொப்பியில் மிக நீளமான வெற்றிடம் 2020 மார்ச் 20 ஊரடங்கோடு தொடங்குகிறது. அதற்கு முந்தைய கிழமை எழுதியது: பெஞ்ச் பிரஸ் 80 கிலோ ஐந்து தடவை, ஸ்குவாட் 110 ஐந்து தடவை, டெட்லிஃப்ட் 140 மூன்று தடவை. ஜூலை நடுவில்தான் திரும்ப பாரைத் தொட்டேன். பதினாறு கிழமை. இடையில் முற்றத்தில் கொஞ்சம் புஷ் அப். கடை திறந்த பிறகு சீமெந்து பேக்.

திரும்பி வந்து இரண்டாவது கிழமையில் சோதித்தபோது பெஞ்ச் 62.5, ஸ்குவாட் 87.5, டெட்லிஃப்ட் 127.5. டெட்லிஃப்ட் ஏன் குறைவாக இறங்கியது என்று கேட்டால், சீமெந்து பேக்கைத் தரையிலிருந்து தூக்குவதும் ஒருவகை டெட்லிஃப்ட்தானே. மல்லாக்கப் படுத்துச் சீமெந்தை நெஞ்சுக்கு மேல் தள்ளும் வேலை எந்தக் கடையிலும் இல்லை, பெஞ்ச் விழுந்தது.

சரி, திரும்ப எவ்வளவு காலம் எடுத்தது? ஸ்குவாட் ஐந்து கிழமை, பெஞ்ச் ஏழு கிழமை. முதன்முதலில் 80 கிலோவை ஐந்து தடவை தள்ள எனக்கு இரண்டரை வருடம் பிடித்தது. அதே 80 இரண்டாம் முறை ஏழு கிழமையில் வந்தது.

இது என் ஒருவனின் அதிர்ஷ்டம் இல்லை. 1991-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பெண்கள் 20 கிழமை கனமான எடையில் பயிற்சி செய்தார்கள். பிறகு 30 கிழமைக்கு மேல் நிறுத்தினார்கள். திரும்ப ஆறே கிழமையில் இழந்ததைப் பெரும்பாலும் மீட்டார்கள். பின்லாந்தில் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தார் 2024-இல் வெளியிட்டது இன்னும் சுவாரசியம். ஒரு குழு 20 கிழமை தொடர்ந்து பயிற்சி. மற்றது 10 கிழமை பயிற்சி, 10 கிழமை ஓய்வு, மறுபடி 10 கிழமை பயிற்சி. முடிவில் இரண்டு குழுவுக்கும் பலத்திலும் தசைப் பருமனிலும் பெரிய வித்தியாசம் இல்லை. தசை நார் ஒன்றுக்குள் பல உட்கருக்கள் உண்டு. பயிற்சியில் கூடும் அந்த உட்கருக்கள் நார் மெலிந்த பிறகும் நிலைத்து நிற்பதை ஒஸ்லோ பல்கலைக்கழகத்தார் 2010-இல் எலிகளில் காட்டினார்கள். மனிதரிலும் அப்படியேதானா என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. இழந்த பலம் இப்படிச் சீக்கிரம் திரும்புவதைத்தான் ஜிம்மில் பெடியன்கள் 'மசில் மெமரி' என்று சொல்கிறார்கள். சொல் சரி. அந்தச் சொல்லை நம்பித்தான் நான் ஒருமுறை தோளைக் காயப்படுத்திக்கொண்டேன், அதற்குப் பிறகு வருகிறேன்.

முன்கூட்டியே தெரிந்த இடைவெளி

எப்போது நிற்கப் போகிறோம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கடைசி நாளில் எடை, தடவை, செட் மூன்றையும் எழுதுங்கள். உடம்பு எப்படி இருந்தது என்றும் ஒரு வரி.

முழுதாக நிறுத்தத் தேவையில்லாவிட்டால் நிறுத்தாதீர்கள். குறைக்கும்போது செட்டைக் குறையுங்கள், நாளைக் குறையுங்கள், எடையைக் குறைக்காதீர்கள். நம்மவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: எடையைப் பாதியாக்கி, தடவையை முப்பதாக்கி, வியர்வையைப் பார்த்துத் திருப்திப்படுவார்கள். 2011-இல் வந்த ஆய்வு ஒன்றில், கிழமைக்கு மூன்று நாள், பயிற்சிக்கு மூன்று செட் செய்தவர்களில் ஒரு குழுவைக் கிழமைக்கு ஒரே நாள், ஒரே செட் என்று குறைத்தார்கள். ஒன்பதில் ஒரு பங்கு வேலை. இளவயதினர் அதை வைத்தே 32 கிழமை தசையையும் பலத்தையும் காத்தார்கள். 60 வயது தாண்டியவர்களுக்குப் பலம் பெரும்பாலும் நின்றது, தசைப் பருமன் நிற்கவில்லை. ஆகவே வயதானவர் இன்னும் கொஞ்சம் கூடச் செய்ய வேண்டும்.

காத்தான்குடியில் இருக்கும் என் கூட்டாளி நோன்பு மாதத்தை இப்படித்தான் கடக்கிறான். கிழமைக்கு இரண்டு நாள், தராவீஹ் தொழுகை முடிந்து வந்த பிறகு. ஸ்குவாட், பெஞ்ச், ரோ (குனிந்து நின்று பாரை வயிற்றை நோக்கி இழுப்பது) மூன்று மட்டும். எடை பழையது, செட் இரண்டு. பகலில் தண்ணீர் இல்லாமல் கனமான எடையைத் தொடுவதில்லை. "மச்சான், நோன்புல கூட்டப் பாக்காத, காக்கப் பாரு" என்பான். பெருநாள் கழித்து ஜிம்முக்கு வரும்போது பெஞ்சில் இரண்டரை கிலோகூடக் குறைந்திருக்காது. வட்டிலப்பத்தில் வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கும்.

கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு இது பொருந்தாது. திருக்கோவில் தாண்டி, உகந்தையில் தங்கி, குமண, யால காட்டுக்குள்ளால் நாள்கணக்கில் நடக்கிறவரிடம் ஸ்குவாட் செய் என்று சொல்வது அநியாயம். நான் ஒருமுறை போனேன். நடை கால்களைக் காத்தது. ஆனால் சாப்பாடு குறைந்து, திரும்பி வந்தபோது நிறை மூன்று கிலோ இறங்கியிருந்தது. அப்படியான நேரம் முழு ஓய்வு என்று எழுதிவிட்டுப் போங்கள், மனம் லேசாக இருக்கும்.

மழையில் அடைபட்டிருந்தால் வீட்டில் இருப்பதே போதும். 20 லீட்டர் தண்ணீர்க் கேன் நிரம்பினால் 20 கிலோ, கைபிடியும் இருக்கிறது. ஒரு காலில் குந்தி எழுவது, முதுகில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு புஷ் அப், வாசல் மரத்தில் தொங்கி ஏறுவது. செட்டின் முடிவில் இன்னும் இரண்டு மூன்று தடவைதான் மீதி என்ற அளவுக்குக் கடினமாக இருக்க வேண்டும். லேசாக இருந்தால் அது உடற்பயிற்சி, பலத்தைக் காக்காது.

சாப்பாட்டில் ஒரு சொல்தான். ஓய்வு என்பதற்காகப் புரதத்தைக் குறைக்காதீர்கள். உடல் நிறையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்பது பயிற்சி செய்பவருக்கு நல்ல அளவு. எனக்கு 72 கிலோ, அப்போ 115 கிராம் மட்டில். ஒரு முட்டையில் ஆறு கிராம், நூறு கிராம் மீனில் இருபது கிராம் அளவில். கீரி மீன், சூடை, பயறு, எருமைத் தயிர் எல்லாம் இருக்கும் ஊரில் டப்பாவில் விற்கும் புரத மா இல்லாவிட்டால் பலம் வராது என்று எவன் சொன்னான்?

திரும்பும் நாள்

2023 தொடக்கத்தில் எனக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள், வீட்டில் சோர்வோடு ஐந்து கிழமை. ஆறாவது கிழமை முடிய ஜிம்முக்குப் போனேன். நோய்க்கு முன் 82.5 வரை போயிருந்த பெஞ்ச். 60 லேசாகப் போனது. அன்று அங்கே இருந்த பயிற்சியாளர் ஒருவர், "மசில் மெமரி இருக்கு அண்ணே, போடுங்க" என்றார். பெடியன்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது, எனக்கும் ஆசைதான். 75 போட்டேன். இரண்டு தடவை போனது. மூன்றாவதில் வலது தோளுக்குள் ஈரத்துணி கிழிந்தது போல ஒரு சத்தம்.

நோய் எடுத்தது ஆறு கிழமை. அந்த மூன்றாவது தடவை எடுத்தது மூன்று மாதம்.

பிறகுதான் விளங்கியது. தசை சீக்கிரம் திரும்பும். தசையை எலும்போடு கட்டும் நாண்கள் மெதுவாகத்தான் பழகும். 60 லேசாகப் போனது என்பது நெஞ்சுத் தசை சொன்ன செய்தி. தோள் நாணை யாரும் கேட்கவில்லை.

அதிலிருந்து நான் வைத்திருக்கும் அளவு இது. ஒரு கிழமை நின்றால் ஒன்றும் மாற்ற வேண்டாம்; களைப்பு இறங்கி இன்னும் நன்றாகக்கூடத் தூக்கலாம். இரண்டு மூன்று கிழமை என்றால் முதல் நாள் பத்தில் ஒன்பது பங்கு எடை, வழக்கமான செட்டில் பாதி. அடுத்த நாள் பழைய எடையைத் தொடலாம்.

ஒரு மாதம் முதல் இரண்டு மாதம் வரை நின்றவருக்கு முதல் கிழமை பத்தில் ஆறு பங்குதான். 80 தள்ளியவர் என்றால் 47.5 அல்லது 50. இரண்டு செட், ஐந்து ஐந்து தடவை. வெட்கமாக இருக்கும், இருக்கட்டும். ஒவ்வொரு செட்டையும் இன்னும் நாலு தடவை போகலாம் என்ற இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொரு பயிற்சிக்கும் பெஞ்சில் இரண்டரை, ஸ்குவாட்டில் ஐந்து என்று ஏற்றுங்கள். கிழமைக்கு மூன்று நாள் போனால் நாலைந்து கிழமையில் பழைய இடத்துக்கு வந்துவிடுவீர்கள். இடையில் ஒருநாள் உடம்பு பறக்கும், பத்துக் கிலோ சேர்க்கச் சொல்லும். அன்றுதான் அதிக கவனம்.

மூன்று மாதம் தாண்டினால் பாதி எடையில் தொடங்கி, இரண்டு கிழமை அந்த எடையை ஒட்டியே நில்லுங்கள். கட்டிலில் கிடந்து எழுந்தவர் எடையையே தொடாமல் கதிரையில் இருந்து எழும்புவது, சுவரைத் தள்ளுவது என்று தொடங்க வேண்டும். டெங்குவுக்குப் பிறகு டொக்டர் சரி என்று சொல்லும் வரை எதுவும் வேண்டாம். காய்ச்சல் நேரத்து உடல் உளைவுக்கு ஜிம் பையில் கிடக்கும் இபுபுரோபன், அஸ்பிரின் மாத்திரைகளைப் போடவே கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பரசிற்றமோல் மட்டும், அதுவும் டொக்டர் சொன்ன அளவில்.

முதல் கிழமை உளைவு வரும். இரண்டாம் நாள்தான் உச்சம். குந்தி இருக்கும் கழிவறை உள்ள வீட்டுக்காரருக்கு அது எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை. எடையைக் கீழே இறக்கும் பகுதிதான் உளைவைக் கூட்டுகிறது, ஆகவே முதல் கிழமையில் நிறுத்தி நிறுத்தி மெதுவாக இறக்கும் வித்தைகள் வேண்டாம். தசை முழுக்கப் பரவலாக உளைந்தால் நல்லது. மூட்டில் ஒரு புள்ளியில் குத்தினால் அந்தப் பயிற்சியை விடுங்கள். இன்னொன்று, சிறுநீர் பால் விடாத பிளேன் டீ நிறத்தில் போனால், தசை வீங்கி வலி தாங்காமல் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அளவு மீறி வேலை கொடுத்த தசை உடைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒரே நாளில் பழைய கணக்கைத் தீர்க்கப் பார்ப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். வெக்கையான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், தகரக் கூரைக்குக் கீழே, தண்ணீரும் குடிக்காமல் என்றால் ஆபத்து இரட்டிப்பு.

தோள் கிடந்த மூன்று மாதமும் நான் சும்மா இருக்கவில்லை. கால் பயிற்சி முழுதாக. இடது கையால் டம்பெல். ஒரு கைக்குப் பயிற்சி கொடுத்தால் மற்றக் கையின் பலமும் ஓரளவு நிற்கும் என்பது நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த சங்கதி, நரம்பின் வேலை. அயல் வீட்டு அன்ரி ஒற்றைக் கையால் தூக்கும் என்னை வேலிக்கு மேலால் பார்த்து, "இந்தாளுக்கு என்ன பிடிச்சிருக்கு" என்று மனைவியிடம் கேட்டாராம்.

அந்த ஆணிக்காரத் தம்பிக்கு வருவோம். இரண்டு வருடப் பயிற்சி, மூன்று கிழமை இடைவெளி. கொப்பியின் முதல் பக்கத்தில் நானே எழுதிக் கொடுத்தேன்: முதல் நாள் 45, இரண்டு செட், ஐந்து ஐந்து. இரண்டாம் நாள் 50, மூன்று செட். நாலு நாள் கழித்துக் கடைக்கு வந்தான், முகம் மலர்ந்திருந்தது.

"அண்ணே, ரெண்டாம் நாளே அம்பத்தஞ்சு! ஆறு தரம்!"

"கொப்பிய எடு பாப்பம்."

பக்கத்தில் 45 மட்டும்தான் எழுதியிருந்தது. 55-ஐ எழுத மறந்துவிட்டானாம். பேனையைக் கொடுத்து, கடை மேசையில் வைத்தே எழுத வைத்தேன். மறுகாதான் கேட்டேன், தோள் எப்படி என்று.